அப்பா ராஜியான கேஸ்

எங்கள் வீட்டில் சட்டத்துக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கேஸ். போலீஸ் வந்தாலும் கேஸ், கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தாலும் கேஸ், பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டாலும் கேஸ். புகார் வேறு, வழக்கு வேறு, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு, ஜாமீன் வேறு, விடுதலை வேறு என்றெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும், வக்கீலுக்கு வேறு வேலை இல்லை என்று இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்போம். அப்படி விட்டதால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்களுடையது தமிழர் தெரு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் எண்ணெய் வியாபாரத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள். எண்ணெய் போய்விட்டது, நாங்கள் மிச்சம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பள்ளிக்கூடத்தில் நான் படித்ததும் மலையாளம்தான். வார இதழ்களில் வரும் தொடர்கதையை வைத்துக்கொண்டு அம்மா எழுத்துக்கூட்டச் சொல்லித் தந்திராவிட்டால் இந்தத் தமிழும் எனக்கு வாய்த்திருக்காது. அப்பா ஒரு மிளகுக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி உதறினால் வீட்டில் இருக்கிற எல்லோரும் தும்முவோம். அக்கா தும்மிக்கொண்டே சாயா போட்டுக் கொடுப்பாள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லாத காலம் ஒன்று இருந்தது.

தெருக்கோடியில் எங்கள் அம்மன் கோவில். அதை ஒட்டி ஓடு போட்ட ஒரு சின்ன அறை. அதைப் பாத்திரப்புரை என்போம். கல்யாணம், கருமாதி, கோவில் கொடை எதுவானாலும் சமைப்பதற்கான அண்டாக்களும் வெண்கல உருளிகளும் பாயசம் காய்ச்சுகிற வார்ப்பும் அதற்குள் இருந்தன. தெருவுக்கே பொது. அதன் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தெருவில் ஒரு தனி மரியாதை. எந்தக் கல்யாணத்திலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைத்து, அவர் கையால் பூட்டைத் திறக்கச் சொல்வார்கள். சாவியை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. பழையவர் அம்மன் காலடியில் வைக்க வேண்டும், புதியவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பெரியப்பா வைத்ததை அப்பா எடுத்தார். அக்கா அப்போது கைக்குழந்தை, நான் பிறக்கவே இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது வாய்விட்டுச் சொல்லப்படாதது. தெருவில் ஒரு குடும்பம் நொடித்துப்போனால் அந்த வீட்டு ஆள் பொழுது சாயும்போது வந்து, "ஒரு உருளி வேணும் அண்ணே" என்பார். அந்த வீட்டில் கல்யாணமும் இருக்காது, காதுகுத்தும் இருக்காது. சாவிக்காரர் எதற்கென்று கேட்கக் கூடாது. எடுத்துக் கொடுக்க வேண்டும். உருளி அடகுக்கடைக்குப் போகும். காலம் தெளிந்ததும் புளி போட்டுத் தேய்த்துத் திரும்பி வரும். யார் வாங்கினார், எப்போது தந்தார் என்று சாவிக்காரர் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. வாங்கினவன் மானம் அந்தச் சாவியோடு கோத்துக் கிடக்கிறது என்பது எங்கள் தெருவின் கணக்கு. நான் இதைத் தெரிந்துகொண்டது கேஸ் வந்த பிறகுதான்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் தெரு இளவட்டங்கள் சேர்ந்து தெருவுக்கு ஒரு சங்கம் பதிவு செய்தார்கள். படித்தவர்கள், நல்ல பிள்ளைகள்தான். ரப்பர் முத்திரை வந்தது. முத்திரை வந்தால் அதைக் குத்துவதற்கு ஏதாவது வேண்டுமே. பாத்திரப்புரையைத் திறந்து சொத்தைக் கணக்கெடுப்போம் என்று செயலாளர் சொன்னார். அவர் அப்பாவை மாமா என்று கூப்பிடுகிற பையன். அப்பா ஒரு மறுப்பும் சொல்லாமல் திறந்து விட்டார். உள்ளே இருக்க வேண்டிய இரண்டு பெரிய உருளிகளையும் அந்த வார்ப்பையும் காணோம்.

"எங்கே மாமா?"

"வரும்."

"யார்கிட்ட இருக்கு?"

"வரும்னு சொன்னேன்ல."

அதற்கு மேல் அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெரியவர்கள் இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு கதவைச் சாத்தியிருப்பார்கள். ஆனால் பழைய சாவிக்காரர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சங்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் தெரியாது, அவர்களிடம் சொல்லவும் முடியாது. சொன்னால், அப்படி வாங்கினது யார் என்பது அடுத்த கேள்வியாக வரும். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு ஒருநாள் அவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்கள்.

போலீஸ் எழுதிக்கொண்டது திருட்டு என்று அல்ல, நம்பிக்கை மோசடி என்று. அப்பாவோடு வக்கீல் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். பத்தாம் வகுப்பில் இருந்த எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்று அம்மா அனுப்பி வைத்தாள். வக்கீல் நல்ல மனிதர். வெற்றிலைக் காவி படிந்த பல்லோடு சிரித்துக்கொண்டே சொன்னார். பூட்டை உடைத்து எடுத்தால் களவு. நம்பிக் கொடுத்ததைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டால் விசுவாச வஞ்சனை. சாவி உங்களிடம் இருந்ததால் இது இரண்டாவது. அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்.

அம்மாவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "களவுக் கேஸ் ஒண்ணுமில்லா, வெறும் நம்பிக்கைக் கேஸ்தான்" என்று சொன்னாள். ஏதோ காய்ச்சல் இல்லை, ஜலதோஷம்தான் என்பது போல. அப்பாவுக்கோ அதுதான் சாப்பாடு இறங்காமல் செய்தது.

"திருடன்னு எழுதியிருந்தாக்கூடப் பரவால்ல மோளே," என்றார் திரும்பி நடக்கும்போது. "பசிச்சவன்கூடத் திருடுவான். இவங்க எழுதியிருக்கிறது வேற."

புகாரில் பாத்திரங்களுக்குப் பழைய உலோகத்தின் எடை விலையைப் போட்டிருந்தார்கள். அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது. "அந்த வார்ப்புக்கு இதுதானா விலை?" என்று வக்கீலிடமே சண்டைக்குப் போனார். விலை குறைவாக இருப்பது உமக்கு நல்லதுதான் ஐயா என்று வக்கீல் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஜாமீன் கிடைத்த அன்று அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அப்பா கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், அதனால் கேஸ் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, தெருவுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். தெருவில் எல்லோரும் வாங்கித் தின்றார்கள். அவர்களுக்கும் ஜாமீனுக்கும் விடுதலைக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பா வேட்டியை எடுத்தபோது அம்மா திகைத்துப்போய், "பின்னெ அந்தப் பொங்கல்?" என்றாள். எவனோ பக்கத்து வீட்டில் அதைச் சொல்லி, அந்தப் பேச்சு எங்கள் தெருவில் ரொம்ப நாள் ஓடியது. அன்றிலிருந்து அம்மா சட்டத்தின் எந்தச் சொல்லையும் நம்புவதில்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் குற்றவாளிக்கும் நடுவில் ஒரு விசாரணை இருக்கிறது என்பதும் எங்கள் தெருவுக்குத் தெரியாது. சம்மன் வந்த நாளிலிருந்தே தீர்ப்பு வந்துவிட்டது என்ற மாதிரிதான் பார்த்தார்கள். பேச்சை நிறுத்தவில்லை, அப்படிச் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "என்ன அண்ணே, சௌக்கியமா?" என்று முன்னைவிட அதிகமாகவே கேட்டார்கள். கேட்டுவிட்டு, வாசலில் காய வைத்திருந்த செம்பை எடுத்து உள்ளே வைத்தார்கள். எனக்கு அந்தச் செம்புகளை எல்லாம் உதைத்து உருட்ட வேண்டும் போல இருக்கும்.

இதற்கிடையில் அக்காவுக்கு வரன் முடிவாகியிருந்தது. பையன் வீடு சுள்ளிக்கல்லில். கேஸ் விஷயம் அவர்களுக்கும் எட்டியது. பையனின் தகப்பனார் வந்து நாகரிகமாகத்தான் பேசினார். "கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலை. கேஸ் முடியட்டும், பிறகு முகூர்த்தம் வைப்போம்" என்றார். வக்கீலைக் கேட்டால் விசாரணை முடிய எத்தனை வருஷம் ஆகுமோ, சொல்ல முடியாது என்றார். அக்கா சமையலறையில் தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தாள், சிரட்டை தெரிந்த பிறகும் துருவினாள்.

அப்போதுதான் சங்கத்துக்காரர்களும் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கும் கோர்ட்டு ஏறி அலுத்துவிட்டது. மாமா சாவியைக் கொடுத்துவிடட்டும், நாங்கள் ராஜியாகிக்கொள்கிறோம், யாருக்கும் யார்மீதும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். விலை குறைவான பொருள் என்பதால் கோர்ட்டு அனுமதியோடு அதற்கு வழி இருக்கிறது என்று வக்கீலும் சொன்னார்.

அப்பா முடியாது என்றார்.

எங்கள் தெரு வழக்கத்தைச் சொன்னால்தான் அந்த முடியாது புரியும். தெருவில் இரண்டு பேருக்குத் தகராறு வந்தால் கோவில் முன்னால் வைத்துப் பேசுவார்கள். ராஜி என்று வந்தால், தப்புச் செய்தவன் தாம்பாளத்தில் தேங்காயும் வெற்றிலையும் வைத்து மற்றவன் முன்னால் நீட்ட வேண்டும். தப்புச் செய்யாதவன் எதற்காக ராஜிக்குப் போவான்? பிறந்ததிலிருந்து அப்பா பார்த்த ராஜியெல்லாம் அந்தத் தாம்பாளம்தான். கோர்ட்டு ராஜியும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். வேறு மாதிரி நினைக்க எங்களுக்கு வழியே இல்லை.

"ராஜின்னா நான் செஞ்சேன்னு ஒத்துக்கிறதுதானே?" என்றார் அம்மாவிடம்.

"நீங்க யார்கிட்ட கொடுத்தீங்கன்னு பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா ராஜியாகுங்க. ரெண்டும் மாட்டேன்னா எப்படி?"

"பேரைச் சொல்ல முடியாது."

"அப்போ ராஜியாகுங்க."

"எடுத்துத் தின்னேன்னு ஆயிடும்டீ."

"அப்படியே இருந்துட்டுப் போகட்டும்!" என்று அம்மா கத்தினாள். "பொண்ணு வாழணும். உங்க பேரை வச்சு நான் உலையா வைக்கப் போறேன்?"

அம்மா வாய்த்துடுக்குக்காரி இல்லை. பல நாள் பொறுத்துப் பொறுத்து வந்த வார்த்தை அது. எந்தத் தாயும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். தெருவில் செம்பை எடுத்து உள்ளே வைத்தவர்களைப் பார்த்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆனதில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போய், சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கோர்ட்டில் எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ராஜியாகச் சம்மதம்தானா என்று மாஜிஸ்ட்ரேட் மலையாளத்தில் கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். கேட்கவில்லை, வாயால் சொல்லும் என்றார் மாஜிஸ்ட்ரேட். "சம்மதம்" என்றார் அப்பா. மாஜிஸ்ட்ரேட் ஏதோ எழுதினார், அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் வக்கீல் அப்பாவின் தோளில் தட்டி, "தீர்ந்நு கேட்டோ, இனி ஒண்ணுமில்லா" என்றார். அப்பாவுக்கு அது, செத்த வீட்டில் எல்லாம் முடிந்தது என்று சொல்வது போலக் கேட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் வக்கீல் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது பால்பாடம். தனக்குப் பால்பாடமாக இருப்பதை அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கோர்ட்டு வராந்தாவிலேயே செயலாளர் சாவிக்குக் கையை நீட்டினார். "கோவிலுக்கு வா, அம்மன் காலடியில் வச்சுடுறேன்" என்றார் அப்பா. "எதுக்கு மாமா அலைச்சல், இங்கேயே கொடுத்துடுங்க, ரசீது தர்றேன்" என்றார் அந்தப் பையன். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா சாவியை அந்தக் கையில் வைத்தார். ரசீதை வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா கல்யாணம் நன்றாக நடந்தது. பாத்திரப்புரையை வேறொருவர் திறந்துவிட்டார். உருளியை வாங்கிப்போன அந்த வீட்டுக்காரர், யாராக இருந்தாலும், எங்கள் தெருவில்தான் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கவும் வேண்டும். அந்தப் பாத்திரங்கள் திரும்பி வரவே இல்லை. அப்பா பந்தி விசாரித்துக்கொண்டே ஒவ்வோர் இலையாகக் கடந்து போனார். யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

கல்யாணம் முடிந்து அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. நேராக ஒரு சொல்லும் இல்லை, அவ்வளவுதான். எல்லாம் என் வழியாக. "உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு சீக்கிரம் போகணும்." அம்மா அதே அறையில் நிற்பாள். "உங்கப்பாகிட்ட சொல்லு, கப்பைக்கிழங்கு வெந்துடுச்சு, மீன்கறிதான் இறக்கணும்." நடுவில் நான் தபால்காரி. ஆரம்பத்தில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருதரம் உப்புக் கூடிப்போனதை அப்பா சொல்லச் சொன்னபோது, "அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேட்குது, நேரே சொல்லுங்க" என்றேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் சொல்லச் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாவி எதையும் அவர் தொடுவதில்லை. எங்கள் வீட்டுச் சாவியைக்கூட. அம்மா பள்ளுருத்திக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போகும்போது சாவியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போவாள். அப்பா வேலையிலிருந்து வந்து, அது அங்கே இருப்பது தெரிந்தும், வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். நான் கல்லூரியிலிருந்து வந்து திறந்துவிட வேண்டும். மழை பெய்தால் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா அதைக் கேள்விப்பட்ட பிறகு பள்ளுருத்திக்குப் போவதையே விட்டுவிட்டாள். அவளுக்கும் ரோஷம் உண்டு. ஆனால் அவள் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. செய்யாத தப்பைச் செய்தேன் என்று கையெழுத்துப் போட வைத்துவிட்டேனே என்று அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது, பிறகு அக்காதான் சொன்னாள்.

நான் பி.ஏ. முடித்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாழ்நாள் முழுக்க மிளகுத் தூசி தின்ற நெஞ்சு. அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். பேச்சு மட்டும் இல்லை. கடைசி நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மூச்சை இழுத்து இழுத்து, "உங்கம்மாவைச் சாப்பிடச் சொல்லு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார். அம்மா எட்டித் தொடுகிற தூரத்தில் இருந்தாள். நான் திரும்பி, "அம்மா, நீ சாப்பிடணுமாம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவர்களுக்குள் கடைசியாக நடந்த பேச்சு அதுதான், அதுவும் என் வாய் வழியாக.

நான் சட்டம் படிக்கப் போனேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு வேறு வேறு காரணம் சொன்னேன். உண்மையில் அந்தச் சொற்கள்மேல் எனக்கு ஒரு வைராக்கியம். எங்கள் வீட்டுக்குள் புகுந்து இவ்வளவு செய்த சொற்கள் எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்று. தினமும் படகேறி எர்ணாகுளம் போவேன். படகில் நெத்திலிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு புத்தகம் படிப்பேன். ஜாமீன் என்பது வழக்கு நடக்கும் வரை வெளியே இருப்பதற்கான ஏற்பாடு மட்டுமே என்று படித்தபோது சர்க்கரைப் பொங்கல் ஞாபகம் வந்து, கூடைக்காரப் பெண்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்துவிட்டேன்.

ஒருநாள் குற்றவியல் நடைமுறை வகுப்பு. மழை இருட்டு, பாதிப் பேர் வரவில்லை. ஆசிரியர் சட்டத்தை வரிவரியாக வாசித்து விளக்கிக்கொண்டு போனார். எந்தெந்தக் குற்றங்களில் இரு தரப்பும் ராஜியாகலாம், எதற்குக் கோர்ட்டு அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதே குரலில் அடுத்ததையும் சொன்னார். அப்படி ராஜியானால், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை செய்யப்பட்டதாகவே ஆகும்.

நான் எழுந்து நின்றேன். "சார், ராஜின்னா குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகாதா?"

"ஒத்துக்கொள்வதா? அது வேறு, அதற்குத் தண்டனை உண்டு. ராஜியில் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. விசாரித்து விடுதலை ஆனால் என்னவோ, அதே பலன்தான் இதற்கும்."

"அது எப்போதிலிருந்து சார்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பழைய சட்டத்திலும் அப்படித்தான், புதிய சட்டத்திலும் அப்படித்தான், இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றார். முன் வரிசையில் யாரோ குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கோர்ட்டு வராந்தாவில் சாவியை இன்னொருவன் கையில் வைத்துவிட்டுத் தலை குனிந்து இறங்கிப் போனவர் விடுதலையான மனிதர். வாசற்படியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் விடுதலையான மனிதர். அது அவரைத் தவிர அந்தக் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கப்பையைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் நனைந்த புடவையோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன்.

"அம்மா, அப்பா கேஸ்ல விடுதலை ஆயிட்டார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த விடுதலை? பொங்கல் போட்டோமே, அந்த மாதிரியா?"

"இல்லம்மா. அது ஜாமீன். இது நிஜ விடுதலை. ராஜியானா விடுதலைதானாம். விசாரிச்சு இவர்மேல குத்தமில்லைன்னு விட்டா என்னவோ அதேதான்."

"அப்போ அவர் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டதா..."

"இல்லை. எதையும் ஒத்துக்கலை. நீ அவரை எதையும் ஒத்துக்க வைக்கலை."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"சட்டத்துல இருக்கு. நான் படிச்சேன்."

"இப்போ கொண்டு வந்ததா?"

"அன்னைக்கே இருந்தது."

வெளியே மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. சீவி வைத்த கப்பைத் துண்டுகளைத் தண்ணீருக்குள் போட்டுக் கையால் அலசிக்கொண்டே இருந்தாள். மண் போன பிறகும் அலசினாள்.

"அப்போ அவர் என்கிட்ட பேசியிருக்கலாமே," என்றாள்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வருஷங்களில் சொல்வாளே, அதே குரலில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போ. போய் உங்கப்பாகிட்ட சொல்லு."

முன் அறையில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. நான் எழுந்து போனேன்.